விழுந்த மீனும் எங்கள் ஊர் ஹைமாஸ் விளக்கும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் அவர்களே (இந்தப் புழுக்கத்துக்கு ஒரு பனைவிசிறி கொடுத்திருக்கலாம், இருந்தாலும் நன்றி), நாற்காலி தந்த பந்தல்கார அண்ணன் அவர்களே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். வானத்தில் தீப்பந்தைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள், அது உண்மையில் என்ன, நாம் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்.

2022 ஏப்ரல் 2. மகாராஷ்டிரத்தில் குடிபாட்வா, அவர்களுடைய வருடப்பிறப்பு. அமாவாசை கழிந்த மறுநாள் என்பதால் நல்ல இருட்டு. இரவு எட்டு மணி வாக்கில் வானத்தில் நெருப்பு வரிசை ஒன்று ஊர்ந்து போனது. மத்தியப் பிரதேசத்திலும் பார்த்தார்கள். போனில் படம் பிடித்தவர்கள் பலர் விண்கல் மழை என்றே நினைத்தார்கள். சந்திரபூர் மாவட்டம் லாட்போரி கிராமத்தில், சுமார் 3 மீட்டர் அகலத்தில் ஓர் உலோக வளையம் வந்து கிடந்தது. விண்கல் வளையமாகவா விழும்? முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சீனா ஏவிய லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மிச்சம் அது என்று கணித்தார் வானியலாளர் ஜோனதன் மெக்டவல்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

விசாரிக்க வழி இருக்கிறது. விண்கல் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதற்குள் முடிந்துவிடும். ராக்கெட் துண்டுக்கு நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான். படுத்தவாக்கில், உடைந்து உடைந்து, சாவகாசமாகப் போகும்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் படுத்திருந்தோம். பச்சையாக ஒரு வெளிச்சம் வந்து தெருவே பகலானது. பெரியப்பா எழுந்து நின்று, "ஏரிக்கு அந்தாண்டதான்டா விழுந்துச்சு, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றார். உடனே பெட்ரோமாக்ஸ், தடி, கயிறு. கயிறு எதற்கு என்று இன்றுவரை தெரியாது. முப்பது பேர் ஏரிக்கரையில் நடந்தோம். பாதி வழியில் எதிரே முப்பது பேர், அவர்களிடமும் பெட்ரோமாக்ஸ், தடி. திருடர்கள் என்று நாங்கள் கத்த, அவர்களும் அதையே கத்த, இரண்டு அடி விழுந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்தது. அக்கரை ஊர்க்காரர்கள்! "உங்க பக்கம்தானே விழுந்துச்சு, பார்க்க வந்தோம்" என்றார்கள். "உங்க பக்கம்தான்யா" என்றார் பெரியப்பா. விடியும்வரை வாக்குவாதம். கடைசியில் நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த பெரியப்பாவின் ஆடு கிடைத்தது. அவர் சாகும்வரை அதை விண்கல் ஆடு என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு ஊரும் பொய் சொல்லவில்லை. அது எரிவது பல பத்துக் கிலோமீட்டர் உயரத்தில். தூரத்தில் தாழ்ந்து மறைந்தால், அடுத்த வயலில் விழுந்த மாதிரிதான் தெரியும். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் ஒருவர் சரியாகப் பார்த்தார். கூடலூர் கிழார், புறநானூறு 229. பங்குனி முதல் பாதி, இருள் நிறைந்த நடுராத்திரி. உத்தரம் உச்சியிலிருந்து சாய, மூலம் எதிரே எழ, மிருகசீரிடம் மறைய, கிழக்கேயும் போகாமல் வடக்கேயும் போகாமல், தீ சிதற "ஒருமீன் விழுந்தன்றால் விசும்பினானே". மீன் என்றால் விண்மீன், வானத்திலிருந்து ஒன்று விழுந்தது என்கிறார். மாதம், நேரம், திசை எல்லாம் இருக்கிறது. ஏழாம் நாள் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததை அதோடு முடிச்சுப்போட்டார், அதை விடுங்கள். அந்தச் சாட்சியம் எப்படிச் சாத்தியமானது? அவருக்கு வானம் தெரிந்தது ஐயா!

இன்று நம் பேருந்து நிறுத்தத்தில் நின்று மிருகசீரிடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். நான்கு முகமும் வானத்தைப் பார்த்து எரிகிறது ஹைமாஸ் விளக்கு. இருட்டுக்காகவே ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் போய்த் தொலைநோக்கி வைத்தார்கள். லடாக்கில் ஹான்லேவை இருள் வானக் காப்பகமாக்கினார்கள். நாம் கேட்பது அவ்வளவு இல்லை. விளக்குக்கு ஒரு மூடி, வெளிச்சம் ரோட்டில் விழட்டும். பத்து மணிக்கு மேல் நாலில் இரண்டு எரிந்தால் போதும். பெண்கள் நடக்கும் சந்துக்கு விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே இல்லாத விளக்கு இங்கே எதற்கு நாலு? தலைவர் அம்மா சிரிக்கிறார், மனுவை வாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது விஷயம் நின்றுபோகிறது, அடுத்து குழந்தைகள் நடனம். கையெழுத்துத் தாள் வாசலில் டீ மேசையில் இருக்கிறது. நடனம் முடிந்ததும் வெளி விளக்கைப் பத்து நிமிடம் அணைக்க லைன்மேன் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். செருப்பை எங்கே விட்டோம் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.