முழங்காற்படியிட முழங்கால் வேண்டும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். சென்னையில் 34 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவனும்கூட. இவ்விரண்டையும் வெவ்வேறு வேலைகளாகப் பார்க்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. அதன் காரணத்தை முழங்காலிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

“உங்களுக்காக முழங்காலில் நிற்கிறோம்” என்றுதான் நம் சபைகளில் ஜெபத்தைச் சொல்கிறோம். ஆனால், “முழங்காற்படியிடுவோம்” என்று போதகர் அழைக்கும்போது மூத்தவர்களில் பலர் உட்கார்ந்தபடியே தலை குனிகிறார்கள். அந்த ஜெபத்தையும் ஆண்டவர் கேட்கிறார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் அவர்களில் பலர் மனம் வருந்தித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் தாயார் அப்படி வருந்தியவர்.

நாங்கள் புரசைவாக்கத்தில் குடியிருந்த காலம். அம்மா விடியற்காலை 4 மணிக்குக் கட்டிலருகே கோரைப்பாயை விரித்து ஜெபம் செய்வார்கள். 68 வயதில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களால் எழ முடிந்தது. 70 வயதில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டார்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சுருட்டிய பாயைக் கண்ட அன்றுதான் உறைத்தது.

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கைப்பிடியில்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டேன். கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு அதில் உட்கார வேண்டும். கையை ஊன்றாமல் எழ வேண்டும். மறுபடி மெதுவாக உட்கார வேண்டும். பயிற்சி அவ்வளவே. முழங்காலைத் தாங்கிப்பிடிப்பதில் தொடையின் முன்பக்கத் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. அது வலுத்தால் மூட்டு படும் பாடு குறையும். எண்ணிக்கை மறந்துபோகிறது என்று அம்மா சொன்னதால், 23-ஆம் சங்கீதத்தை வைத்துக்கொண்டோம். வசனத்துக்கு ஒரு முறை எழ வேண்டும். 6 வசனம், 6 முறை. முதல் வாரத்தில் ‘அமர்ந்த தண்ணீர்கள்’ வருகிற 2-ஆம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை. ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’ வருகிற 4-ஆம் வசனத்திலேயே ஒரு மாதம் நின்றோம். கிறிஸ்துமஸுக்கு முன்பான ஒரு விடியற்காலையில் நான் கண்விழித்தபோது பாய் விரிந்திருந்தது. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம், “சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது” என்று அப்போஸ்தலன் பவுல் தம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதியதை யாராவது எடுத்துக்காட்டுவார்கள். அற்பப் பிரயோஜனம் என்றாரே தவிர, பிரயோஜனமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவரேதான். கல்லால் கட்டிய ஆலயத்துக்குத் திருவிழா வருமுன் வெள்ளையடிக்கிற நாம், இந்த ஆலயத்தை ஒழுக விட்டுவிடலாமா?

இந்த எண்ணம் சென்னைக்குப் புதிதன்று. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் இந்நகரில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடைபெறுகிறது. ஆவி, மனம், உடல் என்னும் மூன்றையும் மூன்று பக்கங்களாகக் கொண்ட முக்கோணந்தான் அந்தச் சங்கத்தின் சின்னம். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் முக்கோணம் ஏது?

அதே பக் 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றார். அந்த ஒலிம்பிக்கில்தான் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிட்டெல், தகுதிச் சுற்று ஓய்வுநாளாகிய ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது என்பதால் 100 மீட்டர் ஓட்டத்தையே விட்டுக்கொடுத்தார். 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945-இல் அங்கேயே ஒரு தடுப்பு முகாமில் இறந்தார். பயிற்சியில் தேய்ந்த தசை ஓய்வின்போதுதான் தன்னைச் சரிசெய்துகொண்டு வலுப்பெறுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓய்வுநாள் கட்டளை நினைவுக்கு வரும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் அவருக்கு உபதேசமா செய்தான்? தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டவர் மறுபடி உறங்கினார். இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. துக்கத்தில் உள்ளவரைப் பார்க்கப் போகும்போது ஜெபத்தோடு சோறும் கொண்டுபோங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக்கு உடலைத் தயார்செய்வது பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடியப் போகிறது என்று சைகை வந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாட்களில் உபவாசம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள், மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடக்கூடும். தொடங்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். வணக்கம்.