டெரிட்டோரியல் ஆர்மி: வயசு ஏறுது, எஸ்.எஸ்.பி. தேதி வரல, என்ன பண்றது?

அடுத்த கேள்வியப் படிச்சிடறேன். "எனக்கு வயசு 40. கோயம்புத்தூர்ல ஒரு தனியார் கம்பெனில வேலை. டெரிட்டோரியல் ஆர்மி, அதாவது பகுதி நேர ராணுவத்துல ஆபீசர் ஆகறதுக்கான எழுத்துத் தேர்வு பாஸ், முதல்கட்ட இன்டர்வியூவும் முடிஞ்சுது. அடுத்த கட்டமான எஸ்.எஸ்.பி., அதான் ராணுவத்தோட அஞ்சு நாள் ஆபீசர் தேர்வு, எப்போனு தெரியல. மாசக்கணக்கா தினமும் வெப்சைட்டத் திறந்து திறந்து பார்க்கறேன். இதுக்குள்ள 42 தாண்டிட்டா எல்லாம் போச்சா? பேசாம வேலைய விட்டுட்டு முழுசா தயாராகலாமா? இந்தக் காத்திருப்ப எப்படி சமாளிக்கிறது?"

சார், முதல்ல அந்த வயசு பயத்த இறக்கி வைங்க. ஆபீசர் தேர்வுக்கு 18ல இருந்து 42 வரைக்கும்னு சொல்றது விண்ணப்பிச்ச தேதிக்குத்தான். நடுவுல, காத்திருக்கறப்ப 42 முடிஞ்சாலும் உங்க விண்ணப்பம் செத்துப் போகாது. வயசு தடையா வர்றது ஒரே இடத்துல: இந்த முறை கிடைக்காம அடுத்த அறிவிப்புக்குத் திரும்பப் போடறப்ப. உங்களுக்கு 40. அதனால இன்னொரு அறிவிப்புக்கு இடம் இருக்கலாம். ஆனா அறிவிப்பு எப்போ வரும், எத்தனை இடம் வரும்ங்கறது நம்ம கைல இல்ல. 2025 அறிவிப்புல மொத்தமே 19 இடம்; ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 1. அந்த எண்ணிக்கைய மனசுல வெச்சுக்கிட்டுதான் மத்த முடிவுகள எடுக்கணும்.

வேலைய விடறது? வேண்டவே வேண்டாம். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். டெரிட்டோரியல் ஆர்மிங்கறது வேற வேலைல இருக்கறவங்க பகுதி நேரமா நாட்டுக்கு சேவை பண்றதுக்காக 1949ல ஆரம்பிச்ச அமைப்பு. டிகிரி எவ்வளவு முக்கியமோ, சொந்தமா ஒரு வருமானம் இருக்கறதும் அதே அளவுக்கு முக்கியமான தகுதி. ராஜினாமா பண்ணிட்டு "முழு நேரமா தயாராகறேன்"னு எஸ்.எஸ்.பி. போர்டு முன்னாடி உக்காந்தீங்கன்னா, தகுதியவே நீங்க வெட்டிக்கிட்ட மாதிரி. இது சம்பளத்துக்கான மாற்று வேலையும் கிடையாது. பயிற்சிலயோ பணிலயோ இருக்கற நாளுக்குத்தான் ராணுவ சம்பளம். அதனால வேலை மாறணும்னா மாறுங்க, நடுவுல இடைவெளி விழாம பார்த்துக்கங்க. பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், புது ஆபர் லெட்டர், சம்பள ஸ்லிப் எல்லாத்தையும் பத்திரப்படுத்துங்க.

வெப்சைட் விஷயம். வாரத்துல ரெண்டு நாள், திங்கள், வியாழன், சாயங்காலம் ஒரே ஒரு தடவை பார்த்தா போதும். கூடவே நீங்க பதிவு பண்ண மெயிலோட ஸ்பாம் போல்டரையும் பாருங்க, அழைப்பு அங்க போய் உக்காந்துக்கறது உண்டு. அந்த மெயிலையும் செல் நம்பரையும் கடைசி வரைக்கும் மாத்தாதீங்க. "ரிசல்ட் நாளைக்கு, உள்ள ஆள் சொன்னாரு"ன்னு வர்ற டெலிகிராம் குரூப்புல இருந்து வெளிய வந்திடுங்க. அங்க பதட்டம்தான் பரவும். யாராவது காசு கேட்டா அது மோசடி, யோசிக்கவே வேண்டாம்.

இப்போ, இந்த மாசங்கள்ல உருப்படியா என்ன பண்ணலாம்? என்னைக் கேட்டா, 40 வயசுக்காரருக்கு எஸ்.எஸ்.பி.ய விட மெடிக்கல்தான் பெரிய கண்டம். 22 வயசுப் பையனுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. இன்னிக்கே உங்க சொந்த செலவுல ஒரு முழுப் பரிசோதனை எடுங்க: வெறும் வயித்து சுகர், ஹெச்.பி.ஏ.1.சி. (மூணு மாச சராசரி சுகர்), கொழுப்பு, கல்லீரல் டெஸ்ட், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, வயித்து அல்ட்ராசவுண்ட். நம்ம வயசுல ஸ்கேன்ல அதிகமா தட்டுப்படறது கல்லீரல்ல கொழுப்பு, அப்புறம் பித்தப்பைலயோ சிறுநீரகத்துலயோ கல்லு. இதெல்லாம் வலியே இல்லாம இருக்கும், மெடிக்கல் போர்டுல ஸ்கேன் பண்றப்பதான் தெரிய வரும். பிரஷர் 140/90க்கு மேலயே திரும்பத் திரும்ப நின்னா நிராகரிச்சிடுவாங்க. வீட்ல ஒரு மிஷின் வாங்கி காலைல எழுந்ததும் அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு எடுத்து, ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரு நாள் அதிகமா வந்தா பதறாதீங்க. ரெண்டு வாரமா அதிகமாவே இருந்தா டாக்டர்கிட்ட போங்க. தொப்புள் மட்டத்துல டேப் வெச்சு இடுப்பு அளவ எடுங்க. ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழ கொண்டு வர்றத இலக்கா வெச்சுக்கங்க. எடை மட்டும் குறைஞ்சு தொப்பை அப்படியே நின்னா பிரயோஜனம் இல்ல.

பல்லு! யாரும் கண்டுக்கறதில்ல. பல்லுக்குப் புள்ளி போட்டு எண்ணுவாங்க, குறைஞ்சது 14 புள்ளி வேணும். சொத்தை இருந்தா இப்பவே அடைச்சிடுங்க. காது அழுக்கு, மூலம், குடலிறக்கம் இதையும் பார்த்திடுங்க. ஆபரேஷன் தேவைனா தள்ளிப் போடாதீங்க, ஏன்னா பண்ணதும் நேரா போர்டுக்குப் போக முடியாது, ஆறி முடிய மாசக்கணக்குல இடைவெளி கேப்பாங்க. கண் பவர சரி பண்ற லேசிக் லேசர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கணும். போர்டுல தற்காலிகமா தகுதி இல்லனு சொன்னா அதோட முடிஞ்சிடாது, அப்பீல் போர்டுக்கு 42 நாள் கிடைக்கும். ஆனா 42 நாள்ல பிரஷர இறக்கறது கஷ்டம், ஆறு மாசத்துல முடியும். இந்தக் காத்திருப்பு உங்களுக்குக் குடுக்கற ஒரே லாபம் அந்த ஆறு மாசம்தான்.

ஓட்டத்துக்கு வருவோம். 2.4 கிலோமீட்டர 15 நிமிஷத்துல முடிக்கறத குறைந்தபட்சமா வெச்சுக்கங்க. தினமும் ஓடாதீங்க. வாரத்துல மூணு நாள் ஓட்டம், ரெண்டு நாள் தண்டால், புல்-அப், ஸ்க்வாட். முதல் மாசம் ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, இத எட்டு தடவை. வாரத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல தூரத்தக் கூட்டாதீங்க. 40 வயசுல மூச்சு சீக்கிரம் பழகிடும், ஆனா குதிகால் நரம்பும் முட்டியும் மெதுவாத்தான் பழகும். மூணாவது வாரம் "நல்லாத்தான ஓடறோம்"னு ஞாயித்துக்கிழமை எட்டு கிலோமீட்டர் ஓடறவங்கதான் ரெண்டு மாசம் கட்டோட உக்காருவாங்க. எஸ்.எஸ்.பி. மைதான டெஸ்ட்ல கயிறு ஏறறதுக்குப் பிடி பலம் வேணும், அதுக்கு புல்-அப் பார்ல வெறுமனே தொங்கினாலே போதும், முப்பது செகண்டுல இருந்து ஆரம்பிங்க.

அடுத்து பேப்பர். நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இருக்கற தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ல இனிஷியலோட பேரு, ஆதார்ல அப்பா பேரு முழுசா, பான் கார்டுல வேற வரிசை. வட இந்தியாவுல இருக்கற கிளார்க்குக்கு இது மூணு பேரு மாதிரி தெரியும். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ட அடிப்படையா வெச்சு மத்தத திருத்துங்க. திருத்த முடியாததுக்கு எல்லா பேரும் ஒரே ஆளுதான்னு நோட்டரி அபிடவிட் ஒண்ணு எடுத்து வைங்க. போலீஸ் வெரிபிகேஷன் வர்றப்ப பழைய முகவரில யாரும் இல்லாம நின்னுடக் கூடாது, அதையும் பார்த்துக்கங்க.

லீவு கணக்கு: எஸ்.எஸ்.பி. அஞ்சு நாள், பயணத்தோட ஏழு. மெடிக்கலுக்குத் தனியா கிட்டத்தட்ட அதே அளவு. அதனால எப்பவும் 14 நாள் லீவு கைல இருக்கட்டும், தீபாவளிக்குக் கரைச்சிடாதீங்க.

எஸ்.எஸ்.பி. தயாரிப்புக்கு நாளுக்கு நாற்பது நிமிஷம் போதும். வார்த்தை டெஸ்ட்ல 60 வார்த்தை காட்டுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் மனசுல தோணற வாக்கியத்த 15 செகண்டுல எழுதணும். இந்தச் சூழ்நிலைல என்ன பண்ணுவீங்கனு கேக்கற டெஸ்ட்ல 60 கேள்வி, 30 நிமிஷம். மொபைல்ல டைமர் வெச்சு கைல எழுதிப் பழகுங்க. கீபோர்டுலயே இருந்துட்டு பேனா பிடிக்கற வேகம் நிறைய பேருக்குப் போயிருக்கும். உங்ககிட்ட கட்டாயம் வர்ற கேள்வி, "ஏன் இப்போ, ஏன் 40ல?" சின்ன வயசுக் கனவுன்னு மட்டும் சொன்னா, 25ல ஏன் வரலனு அடுத்த கேள்வி விழும். வேலைல எத்தனை பேர நடத்தறீங்க, என்ன பிரச்சினைய எப்படி முடிச்சீங்க, அத யூனிட்டுக்கு எப்படி கொண்டு வருவீங்கனு பேசுங்க.

கடைசியா வீடும் கம்பெனியும். எஸ்.எஸ்.பி.ல ரெகமண்ட் ஆகி, மெடிக்கல்ல பிட் ஆனாலும் இன்னும் கிடைச்சதா அர்த்தம் இல்ல. மெரிட் லிஸ்ட்ல இடத்துக்குள்ள வரணும். பிட்னு வந்த அன்னிக்கே ஸ்டேட்டஸ் போட்டுட்டு, அப்புறம் ஒவ்வொரு கல்யாண வீட்லயும் "என்னாச்சு"க்குப் பதில் சொல்றதுதான் பாதி மன உளைச்சல். மனைவிகிட்ட மட்டும் முழுக் கணக்கையும் சொல்லிடுங்க: கிடைச்சா முதல்ல ஒரு மாச அடிப்படைப் பயிற்சி, ரெண்டு வருஷத்துக்குள்ள பரங்கிமலை ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமில மூணு மாசம், வருஷா வருஷம் ரெண்டு மாசம் வரைக்கும் முகாம், தேவைப்பட்டா அதுக்கு மேலயும் கூப்பிடுவாங்க. ஹெச்.ஆர். கிட்டயும் இந்தக் காத்திருப்புலயே பேசி வைங்க. பணிக்குக் கூப்பிடப்பட்டவர திரும்ப வேலைல சேர்த்துக்கணும்னு 1948 டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்துல 7ஏ பிரிவு இருக்கு. அதப் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, ஆனா முதல் வார்த்தையே சட்டமா இருக்க வேண்டாம். உங்க ஷிப்ட்ட யாரு பார்த்துப்பாங்கனு ஒரு பேர் சொல்லிட்டு ஆரம்பிங்க.