குளிர் நின்றுபோகும் உயரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மேலே போகப் போகக் குளிரும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஊட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். சரி, வானம் முழுக்க இப்படியே குளிர்ந்துகொண்டு போகுமா? 19-ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் நம்பினார்கள். நேரில் போய்ப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. 1862-இல் இங்கிலாந்தில் பலூனில் ஏறிய வானிலை ஆய்வாளர் கிளேஷர், 8 கிலோமீட்டர் தாண்டியதும் மயங்கிவிட்டார். கூடப் போன பலூன் ஓட்டி காக்ஸ்வெலுக்குக் கை மரத்துப்போனது. வாயுவை வெளியேற்றும் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் பலூனை இறக்கினார்.

அப்புறம் ஆளில்லாமல் கருவியை மட்டும் அனுப்பத் தொடங்கினார்கள். பாரிஸுக்கு அருகே த்ராப் என்ற ஊரில் வானிலை ஆய்வாளர் தெஸ்ரான் த போர் இதையே முழுவேலையாகச் செய்தார். ஏறக்குறைய 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையவே இல்லை. வெயில் பட்டுக் கருவி சூடாகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். இரவில் பலூன் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதே முடிவு. 200-க்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகு, 1902 ஏப்ரலில்தான் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிவித்தார். சில நாளிலேயே பெர்லினில் வானிலை ஆய்வாளர் அஸ்மானும் இதையே சொன்னார். அந்தக் கண்டுபிடிப்பைவிட அந்தச் சந்தேகத்தின் மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

நாம் வாழ்வது கீழடுக்கு. அவர்கள் கண்டது அதற்கு மேலுள்ள மீள் அடுக்கு. அங்கே ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால், 50 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மறுபடி 0 டிகிரியை நெருங்குகிறது. அதற்கும் மேலே இடையடுக்கு. எரிகற்கள் பெரும்பாலும் எரிந்து தீர்வது அங்கே. பிறகு வெப்ப அடுக்கு. சர்வதேச விண்வெளி நிலையம் அதில்தான் சுற்றுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது கீழடுக்கு முடிந்து மீள் அடுக்கு தொடங்கும் அந்த முதல் எல்லைதான். குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று இருப்பதால், கீழிருந்து எழும் காற்று அங்கே முட்டி நின்றுவிடுகிறது. இடிமேகத்தின் தலை கொல்லன் பட்டறைக் கல்லைப் போலத் தட்டையாவது அதனால்தான். துருவங்களில் அந்த எல்லை 8, 9 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். சென்னைக்கு மேலே 16, 17 கிலோமீட்டர். அவ்வளவு உயரம் என்பதால் குளிரும் அங்கே அதிகம், மைனஸ் 80 டிகிரி வரை.

அந்த எல்லையைத் தாண்டிப் போன எதையும் மழை கழுவிவிடாது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை கக்கிய கந்தகம் மீள் அடுக்கில் தங்கி, அடுத்த ஆண்டு உலகையே ஏறக்குறைய அரை டிகிரி குளிர வைத்தது. பழைய ஃபிரிட்ஜ்களிலிருந்து கசிந்த குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள் அங்கே போய் ஓசோனை அழித்தன. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவற்றைப் படிப்படியாக நிறுத்தினோம். ஓசோன் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. ஆனால் அன்று வெளியேறிய வாயுவில் ஒரு பங்கு இன்னமும் அங்கேதான் இருக்கிறது.