வானிலை வாசிச்சீங்களா, சாமி?

நடுவர் அவர்களே, பங்குச் சாமி அவர்களே, இரு அணியின் பேச்சாளர்களே, தேர்ப்பவனி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் இந்த மணலில் உட்கார்ந்திருக்கும் பாம்பன் மக்களே, வணக்கம்.

இன்றைய உலகில் கிறித்தவ விசுவாசம் நிற்க வேண்டிய இடம் ஆலயத்துக்குள்ளா, ஊருக்குள்ளா? அரசியலோடும் அறிவியலோடும் அது பேச வேண்டுமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா? இதுதான் தலைப்பு. ஊருக்குள்தான், பேசத்தான் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். கையில் குறிப்பெல்லாம் இருக்கிறது. ஆனால் எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அதை அப்படியே விட்டுவிட்டு நான் வேறு எதையும் பேச முடியாது.

என்ன கேட்டார்? "ஊர் அணிக்காரர்களே, நடுக்கடலில் புயல் அடித்தால் அந்தோனியாரைக் கூப்பிடுவீர்களா, வானிலை ஆபீசுக்கு போன் போடுவீர்களா?" நல்ல கைத்தட்டல். அதோடு விட்டாரா? "ஜெபம் செய்கிறவனுக்கு போன் எதற்கு? போன் போடுகிறவனுக்கு ஜெபம் எதற்கு?" என்றும் கேட்டார். விசிலே பறந்தது.

தம்பி, உங்கள் கேள்விக்கு எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எல்லோர் கையிலும் கைபேசி வராத காலம். ஐப்பசி பிறந்துவிட்டால் வாடைக்காற்று. பெரியம்மாவின் கணவர் இளம் வயதிலேயே கடலோடு போனவர். இரண்டு மகன்கள், இரண்டு பேரும் வல்லத்தில், நாட்டுப்படகில், போகிறவர்கள். அந்த அம்மா என்ன செய்வார் தெரியுமா? மாலைப் பூசை முடிந்ததும் நேரே சக்ரீஸ்துக்கு, சாமி பூசை உடை மாற்றும் அறைக்கு, போய் நிற்பார். அப்போதுதான் குருமடத்திலிருந்து வந்திருந்த இளம் சாமி. அவரிடம் ஒரே கேள்வி: "நற்செய்தி வாசிச்சீங்க. வானிலை வாசிச்சீங்களா, சாமி?"

சாமி திகைத்துப் போனார். "அம்மா, இது பீடத்து மைக். இதில் வானிலை எல்லாம் வாசிக்கலாமா? துறைமுகத்தில்தான் கூண்டு ஏற்றுகிறார்களே" என்றார். பெரியம்மா விடவில்லை. "கூண்டு ஏத்துறது பக்கத்துல இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியும். நாலு கரை தள்ளி வல்லம் தள்ளுறவனுக்கு யாரு சொல்றது? இந்த ஊருல எல்லாக் காதுக்கும் எட்டுறது கோயில் மைக் ஒண்ணுதான்" என்றார். சாமி அப்போதும் தயங்கினார். பிறகுதான் அந்த அம்மா கேட்டார், நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள்: "போன ஞாயித்துக்கிழமை காணாமப் போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் கதை சொன்னது நீங்கதானே? காணாமப் போன பெறகுதான் தேடுவீங்களா? போகுமுன்ன ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

கைத்தட்டுகிறீர்கள். தட்டுங்கள், இது அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியது. இன்னொரு முறை சொல்லட்டுமா? "காணாமப் போன பெறகுதான் தேடுவீங்களா, போகுமுன்ன ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" குருமடத்தில் எத்தனையோ ஆண்டு இறையியல் படித்து வந்த சாமிக்கு ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு தாய் சொன்ன பாடம் இது.

மறுநாள் சாமி வாசித்தார். பூசை முடிந்து, இறுதி ஆசீருக்கு முன்னால், நற்செய்தி வாசித்த அதே குரலில் வாசித்தார்: "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது. பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." வாசித்து முடித்து ஒரு கணம் நிறுத்தினார். உடனே முன்வரிசைப் பாட்டிமார் எல்லோரும், பூசையில் வேத வாசகம் முடிந்ததும் சொல்லும் பதிலை, பழக்க தோஷத்தில் ஒரே குரலில் சொன்னார்கள்: "இறைவா, உமக்கு நன்றி!"

சிரிக்கிறீர்கள். அன்றைக்குக் கோயிலும் சிரித்தது, சாமியும் சிரித்தார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சரியாத்தானே சொன்னாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம். அன்று இரவு இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே வல்லங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். விடியும்போது கடல் தெரு முனைவரை வந்திருந்தது. வல்லம் இருந்தது, வலை இருந்தது, இரண்டு மகன்களும் இருந்தார்கள். பெரியம்மா அன்று காலையும் வழக்கம்போல் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. அந்த அம்மா அந்தோனியாரைக் கூப்பிட்டாரா, வானிலை ஆபீசைக் கூப்பிட்டாரா? இரண்டையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். அவருக்கு இது சண்டையாகத் தெரியவில்லை. எதிரணிக்குத்தான் தெரிகிறது.

சரி, "இறைவா, உமக்கு நன்றி" என்று பாட்டிமார் சொன்னார்களே, அந்த நன்றிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களின் தொடக்கம். கேரளத்துக் கடலோரம், தும்பா. அதுவும் நம்மைப்போல் மீனவர் ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதால், மேல் வளிமண்டலத்தை ஆராய ராக்கெட் விட அதுவே சரியான இடம் என்று விஞ்ஞானி விக்ரம் சாராபாய் முடிவு செய்கிறார். அங்கே இருப்பது மரிய மதலேனாள் ஆலயம். பக்கத்தில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தங்கும் வீடு. சாராபாய் போய்க் கேட்கிறார். ஆயர் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்கு வரச் சொல்கிறார். மக்கள் முன்னால் நின்று, அறிவியல் வேலைக்காக ஆலயத்தையும் என் வீட்டையும் கேட்கிறார்கள், கொடுப்போமா என்று கேட்கிறார். மக்கள் "ஆமென்" என்கிறார்கள்.

இதை நாட்டுக்கெல்லாம் சொன்னவர் யார்? ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம். அந்த ஆலயத்துக்குள்தான் அவரும் வேலை செய்தார். 1963 நவம்பர் 21, முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியது. படகு கட்டிய வீட்டுப் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பியதில் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கும் பங்கு உண்டு. அது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு லுத்தரன் குருவின் பெயரைத் தாங்கிய பள்ளி. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, மறைப்பணியாளர் பெயர் கொண்ட பள்ளி, மீனவர்கள் கொடுத்த ஆலயம்! விசுவாசம் ஆலயத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று அன்று அந்த ஆயரும் நினைத்திருந்தால் சாராபாய் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு, புயல். இதே பாம்பனைக் கடந்து போன ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை. ஊரும் போனது. கோயிலின் சுவர் மட்டும் இன்றும் நிற்கிறது. அந்த மக்கள் ஜெபிக்காதவர்களா? ஜெபித்தவர்கள்தான். வானத்திலிருந்து புயலைப் பார்த்துச் சொல்ல அன்று நம்மிடம் கண் இல்லை. 1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போன பிறகுதான் நம் நாட்டுக்கென்று அப்படி ஒரு கண் கிடைத்தது. அதனால்தான் சொல்கிறேன், வானிலை வாசித்ததற்கு "இறைவா, உமக்கு நன்றி" என்று சொன்ன பாட்டிமார் தவறு செய்யவே இல்லை.

கலிலேயோவை இழுத்தார்கள் எதிரணியில். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633-ல் திருச்சபை அவரைத் தண்டித்தது உண்மை. அது தவறு என்று 1992-ல் இரண்டாம் ஜான் பால் உலகறியச் சொன்னதும் உண்மை. மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டல் துறவி. பிரபஞ்சம் விரிகிறது, ஒரு தொடக்கத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுச் சொன்ன லெமெத்ர் குருவானவர். இதற்கு மேல் இதில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

அரசியலுக்கு வருகிறேன். "சாமியார் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் பூசை வைப்பது யார்?" என்று முதல் பேச்சாளர் கேட்டார். ஓரியூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1693 பிப்ரவரி 4, மறைப்பணியாளர் அருளானந்தர் அங்கே வெட்டப்பட்டது எதற்காக? பூசை வைத்ததற்காக மட்டுமா? கிறித்தவராக விரும்பிய தலைவர் தடியத்தேவர் ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்று அவர் கேட்டார். விலக்கப்பட்ட மற்ற மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். விசுவாசம் அரண்மனை வாழ்க்கைக்குள் போய்க் கேள்வி கேட்டது, அதனால் தலை போனது. ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்து, விசுவாசம் வெளியே போகக் கூடாது என்று எப்படிப் பேச முடிகிறது?

இன்னொன்று. 1950-ன் ஜனாதிபதி ஆணை. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்று இருந்தது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். இதைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கேட்காமல் எங்கே போய்க் கேட்பது? கேட்கிற அதே வாயால், கல்லறையில் சாதிச் சுவர் எழுப்பிய பங்கு ஆலயங்களையும் கேட்க வேண்டும். ஆலயத்துக்குள்ளேயே இருங்கள் என்கிறார்கள். ஆலயத்துக்குள்ளேயே நடந்த அநியாயத்தை வெளியே இருந்து வந்த சமத்துவப் பேச்சுதான் தட்டிக் கேட்டது. அதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா.

கச்சத்தீவு. அங்கே இருப்பது நம் அந்தோனியார் கோயில். தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தில், நம் மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே போய்வரலாம், பயண ஆவணம் தேவையில்லை என்று ஒரு பிரிவு உண்டு. இலங்கைப் போர்க் காலத்தில் அந்தக் கோயில் திருவிழா நின்றது, பிறகு மறுபடியும் தொடங்கியது. அங்கிருந்தும் வருகிறார்கள், இங்கிருந்தும் போகிறோம். ஒரே பூசை, ஒரே தமிழ், ஒரே அந்தோனியார். அப்படிப்பட்ட திருவிழாவுக்கு 2024-ல் ராமேஸ்வரத்து மீனவர்கள் போகவில்லை. எங்கள் ஆட்கள் இலங்கைச் சிறையில் இருக்கும்போது நாங்கள் எப்படித் திருவிழா கொண்டாடுவது என்று நின்றுவிட்டார்கள். அது அரசியலா, விசுவாசமா? பிரித்துக் காட்டச் சொல்லுங்கள் எதிரணியை!

இன்னொன்றும் இந்தக் கரையில் நின்று சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் விசைப்படகு இழுத்துப்போகும் இழுவை மடி வலையில் அக்கரைத் தமிழனின் வலையும் கிழிகிறது. போரில் எல்லாவற்றையும் இழந்து மறுபடி ஒரு வலை வாங்கியவன் அவன். கச்சத்தீவில் அவனுக்குச் சமாதானம் சொல்லிக் கைகுலுக்குகிறோமே, கடலில் அவனை யாரென்று நினைக்கிறோம்? இதைப் பேச அரசுகள் வேண்டும், கடல் அறிவியல் வேண்டும், அந்தக் கைகுலுக்கலும் வேண்டும்.

நடுவர் அவர்களே, முன்வரிசையில் இடது பக்கம் கொஞ்சம் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாமாரில் சிலருடைய பிள்ளைகள் இன்றிரவு அக்கரைச் சிறையில் படுத்திருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயரை வாசிக்கிறோம். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஊரே சொல்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிற அம்மாவின் கூடச் சாமியும் போகக் கூடாது, சபையும் போகக் கூடாது, இறங்குதளத்தில் தனியாக நின்று அவள் கடலைப் பார்க்கட்டும் என்பதுதான் எதிரணியின் கட்சி. எனக்குத் தீர்ப்பு வேண்டாம் ஐயா. நீங்கள் என்ன தீர்ப்பு வைத்திருந்தாலும் அதை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அந்த அம்மாமாரைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.