ஐந்தொகை காட்டுபவர் பக்கமே ஊர் நிற்கும்

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொதுவாழ்வில் ஒருவரின் செல்வாக்கை நிலைக்கச் செய்வது கொடுக்கும் கையா, கணக்குக் காட்டும் கையா என்பது இன்றைய வழக்கு. கணக்குக் காட்டும் கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

கல்யாண வீட்டுக்கு மொய்யோடும் இழவு வீட்டுக்கு மாலையோடும் போகிறவரைத் தொகுதி கைவிடாது என்றார் எதிரணி அண்ணன். கைவிடும், அண்ணன் அவர்களே! ஐந்நூறு வைத்தவரின் நினைப்பு, ஆயிரம் வைக்க இன்னொருவர் வரும்வரைதான். வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இல்லாத வீட்டில் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

விசுவாசம் எப்படி விளையும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். பர்மாவில் நகரத்தார் கடைகள் எப்படி நடந்தன? முதலாளி இங்கே, பெட்டி அங்கே, நடுவில் கடல். மூன்றாண்டுக் கணக்குக்கு ஒரு மேலாளை நம்பி அனுப்பினார்கள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். அன்றாட வரவுசெலவு குறிப்பில் ஏறும், குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போகும், கடையின் மொத்த நிலையையும் காட்டும் கணக்கான ஐந்தொகை கட்டி ஊருக்கு வரும். முதலாளி கண்ணால் பார்க்காத கடையை அந்த ஏட்டை வைத்தே நம்பினார்.

என் ஐயா பெட்டியடிப் பையனாகப் போனவர். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது மணிப்பூர் வழியாக நடந்தே திரும்பினார். வழியில் துணிமூட்டையைப் போட்டுவிட்டார், பித்தளைச் செம்பைப் போட்டுவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த கணக்குச் சிட்டையை விடவில்லை. ஊர் வந்து முதலாளி வீட்டு முகப்பில் அதை விரித்தபோது, முதலாளியிடமும் பணம் இல்லை. எல்லாம் பர்மாவில் போய்விட்டது. இருந்தும் அவர் வரிவரியாகப் பார்த்து, “உன் பேரில் இவ்வளவு வரவு நிற்கிறது” என்று எழுதிக் காட்டினாராம். நான்கு தவணையில் கொடுத்தும் தீர்த்தார். அதன்பிறகு கடையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் சாகும்வரை அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஐயாதான் முதல் ஆளாகப் போய் நின்றார்.

வள்ளல் அழகப்பர் கொடுக்கவில்லையா என்று கேட்டார்கள். கொடுத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-இல் திறந்த அந்த ஆய்வகம் இன்றைக்கும் காரைக்குடியில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. இரவில் கதவைத் தட்டி யார் கையிலும் திணித்த பணமா அது? கொடுத்தது ஊரறிய நிற்கிறது. அதனால்தான் 1957-இல் அவர் மறைந்த பிறகு பிறந்த நானும் இந்த மேடையில் அவரை வள்ளல் என்கிறேன்.

அடுத்து, நேர்மையான காமராசரே 1967-இல் விருதுநகரில் தோற்றாரே என்றார்கள். எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை; அப்படி வலித்த தோல்வி. ஆனால் அந்த ஆண்டு அரிசித் தட்டுப்பாட்டுக்கும் இந்தித் திணிப்புக்கும் மக்கள் அவர் கட்சியிடம் கணக்குக் கேட்டார்கள். இடித்தது கட்சியின் கணக்கு. அவர் சொந்தக் கணக்கில் ஒரு காசு இடிக்கவில்லை என்பதை ஊர் அறியும். கட்சிப் பணிக்காக 1963-இல் முதலமைச்சர் நாற்காலியைத் தாமாக விட்டு இறங்கியவர் அவர். தோற்ற இரண்டே ஆண்டில், 1969-இல், நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது. மொய் வைத்தே வென்றவர் தோற்றால் இன்னோர் ஊர் கூப்பிடுமா?

நடுவர் அவர்களே, எங்கள் கோயிலில் காரியக்காரர் பொறுப்பை ஒப்படைக்கும்போது கூட்டத்தில் கணக்கு வாசிப்பார். எண்ணெய்ச் செலவுகூட விடுபடாது. சட்டமன்ற உறுப்பினரும் வார்டு உறுப்பினரும் அப்படியே வந்து, ஊருணிப் படித்துறையில் நின்று, தூர்வார வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு என்று வாசிக்கட்டும். இடிக்கிற இடத்தில் ஓர் ஆச்சி எழுந்து கேட்கட்டும். உறுப்பினர் ஏட்டைப் புரட்டித் தேடும்வரை நாங்கள் வெயிலிலேயே காத்திருக்கிறோம்.