சாமியின் முதுகு

(யாழ்ப்பாணத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

ஒலிவாங்கியைச் சரிசெய்து தந்த தம்பி, "ஐயா, அரை மணித்தியாலத்துக்குள்ள முடிச்சா நல்லம்" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போகிறார். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு அரை மணித்தியாலம் என்றால் ஒரு ராசா மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டுக்கே காணாது. சரி, முயன்று பார்க்கிறேன்.

உங்களில் கனபேர் இன்னும் கொஞ்ச நாளில் கொழும்புக்குப் படிக்கப் போகிறீர்கள். அங்கே நாடகம், ஓவியம், சங்கீதம் எல்லாம் இருக்கும், அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் இரசாயனம் படிப்பித்த ஆள். கலையைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு என்ன தகுதி? 1979இல் இரவுத் தபால் ரெயிலில் ஏறிப்போன ஒரு பெடியனுக்கு அங்கே என்ன நடந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எங்கள் ஊர் வட்டுக்கோட்டைப் பக்கம். அப்பு, அதாவது என் தாத்தா, இளமையில் வீமனாக ஆடியவர். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த முடி ஒன்று கோற்காலிக்கு மேலே சாக்கில் சுற்றிக் கிடக்கும். எங்களைத் தொட விடமாட்டார். ஆனால் அந்தக் காலத்தில் ஊரில் படித்த ஆட்கள் கூத்துக்கு வருவதில்லை. வந்தாலும் வேலிக்கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சும்மா போகிற வழியில் நின்றவர் மாதிரி நிற்பார்கள். நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் எனக்கும் அந்தச் சைக்கிள் வருத்தம் தொற்றிவிட்டது. படங்கில் சப்பாணி கட்டி இருந்து பார்த்தவன், தள்ளி நின்று பார்க்கப் பழகினேன். அப்பு அதைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இசை நாடகம் என்றால் மட்டும் இந்த வெட்கம் கொஞ்சம் குறைவு. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடினால் எந்தப் படித்தவரும் சைக்கிளை விட்டுவிட்டு முன்னுக்கு வருவார். பாட்டுப் பிடித்துவிட்டால் சனம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். பிணம் எரிக்கக் காசு கேட்டுக்கொண்டு நிற்கிற அரிச்சந்திரன் நின்று, ஆர்மோனியக்காரரைப் பார்த்து, அதே பாட்டைத் திரும்பப் பாடுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து சந்திரமதி அழுவாள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் கொழும்புக்குப் போனேன். போன மூன்றாம் மாதம் யாரோ தந்த இலவச ரிக்கற்றில் ஒரு பியானோக் கச்சேரிக்குப் போய் இருந்தேன். மண்டபத்தின் பெயர் வேண்டாம். குளிரூட்டி, மெத்தைக் கதிரை, இருமுவதற்கும் ஆட்கள் நேரம் பார்க்கிற இடம். ஒரு சின்ன உருப்படி, இரண்டு நிமிசம் இருக்கும், மழை விட்டபிறகு தாழ்வாரத்தில் சொட்டுகிற மாதிரி வாசித்து நிறுத்தினார். என்னையறியாமல் "ஒன்ஸ்மோர்!" என்று கத்திவிட்டேன். இரண்டு வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற ஆள் வந்து என் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார், கச்சேரி முடியும்வரை. நான் கத்தியது இங்கிலிசுதானே, இங்கிலிசு பேசுகிற சனத்துக்கு ஏன் விளங்கவில்லை என்று வெள்ளவத்தை அறைக்குப் போகிற வழி முழுக்க யோசித்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மனிதர் இல்லாத கலையாகப் பார்ப்போம் என்று கொழும்பு நூதனசாலைக்குப் போகத் தொடங்கினேன். கம்பசிலிருந்து நடை தூரம். 1877இல் திறந்த கட்டடம். கலையோகி ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் அதே வருசம்தான். தேசிய கலாபவனம் இருக்கிற, நூதனசாலைக்குப் பக்கத்துத் தெருவுக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் பஸ் கொண்டக்டருக்கு அது எப்போதும் 'கிறீன் பாத்'தான்.

நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்கள் இருக்கின்றன. சோழர் காலத்தோடு சேர்ந்தவை. அதில் ஒரு நடராசர். நான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பிறகு வெட்கப்பட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்படியே நடந்து பின்பக்கம் போனேன்.

பிள்ளைகள், நீங்கள் யோசித்துப் பாருங்கள். நாங்கள் பிறந்த நாளிலிருந்து சாமி கும்பிடுகிறோம். சாமியின் முதுகை யார் பார்த்திருக்கிறோம்? மூலத்தானத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகம், வெள்ளிக் கவசம், பட்டு, மாலை. திருவிழாவில் பூவுக்குள்ளே எங்கேயோ ஒரு கண். அவ்வளவுதான். இங்கே பட்டு இல்லை, பூ இல்லை, சந்தனம் இல்லை. ஒரு ஆட்டக்காரனின் முதுகு. தூக்கிய காலின் பாரம் முழுவதும் ஊன்றிய காலில் இறங்கி, இடுப்பில் ஒரு பக்கம் லேசாக ஒடிந்து, முதுகந்தண்டு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை எனக்குத் தெரியும். எங்கே கண்டது என்றுதான் பிடிபடவில்லை. அரை மணித்தியாலம் நின்றேன். பிறகுதான் வந்தது: அப்பு முற்றத்தில் பேரப்பிள்ளைகளுக்கு வீமன் வரவு ஆடிக் காட்டும்போது, குந்தில் இருந்த எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகுதான்.

பக்கத்தில் சுந்தரமூர்த்தி நாயனார். கலியாணக் கோலத்தில் மறிக்கப்பட்ட இளைஞன் மாதிரி, வாய் பேச வராமல் நிற்கிற வெண்கலம். தேவாரம் பாடமாக்கி மார்க்ஸ் எடுத்த எனக்கு, சுந்தரர் ஒரு பெடியன் என்பது அன்றுவரை உறைக்கவே இல்லை.

நாடகத்துக்கு வருகிறேன். வகுப்பில் எனக்கு ஒரு சிங்கள நண்பன், அம்பலாங்கொடைப் பக்கத்தவன். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மச்சான் என்பேன். இரண்டு மொழிக்கும் பொதுவாக எங்களிடம் இருந்த முதல் சொல் அதுதான். ஒருநாள், "எங்கட நாடகம் ஒன்று காட்டுகிறேன், வா" என்று கூட்டிக்கொண்டு போனான். எதிரிவீர சரச்சந்திர எழுதிய 'மனமே'. 1956இல் லயனல் வென்ற் அரங்கில் முதலில் மேடையேறியது. வென்ற் என்பவர் புகைப்படக் கலைஞர், பியானோவும் வாசிப்பவர். 1944இல் இறந்தார். அவருடைய வீடு இருந்த இடத்தில்தான் அந்த அரங்கைக் கட்டினார்கள். நாங்கள் 'மனமே' பார்த்தது, அது முதலில் மேடையேறி ஏறக்குறைய 25 வருசத்துக்குப் பிறகு. கடைசி வரிசை, மலிவு ரிக்கற்.

சிங்களம் எனக்கு அப்போது பஸ்சுக்கும் கடைக்கும் போதுமான அளவுதான். நண்பன் காதுக்குள் விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருந்தான். மேடையில் எடுத்துரைப்பவர் வந்தார், பொத்தே குரு என்று சொல்வார்கள். மத்தளம் விழுந்தது. இன்ன நாட்டு இளவரசன் வருகிறான் என்று அவர் பாட, இளவரசன் ஆடிக்கொண்டு வருகிறான். தன்னைப் பற்றித் தானே பாடுகிறான். பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். நான் நண்பனின் கையைப் பிடித்து, "இது வரவு" என்றேன். "என்ன?" என்றான். "இது வரவுப் பாட்டு, மச்சான். அடுத்தது அவள் வருவாள், அவளுக்கும் ஒரு வரவு இருக்கும்." இளவரசி வந்தாள். அவளுக்கும் இருந்தது. நண்பன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

முடிந்து வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் சண்டை பிடித்தோம். இது எங்கள் ஊர்க் கூத்து என்று நான். இது எங்கள் கடற்கரை நாடகம, என் பாட்டனுக்கே தெரியும் என்று அவன். அடுத்த கிழமை அவனே எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தான். சிங்கள நாடகம என்கிற வடிவம் தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்திலிருந்து மேற்குக் கரையோரமாக இறங்கி வந்ததாம். சரச்சந்திர அதைத் தேடிப்போய், தென்கரை ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயிடமிருந்து பாட்டும் ஆட்டமும் எடுத்திருக்கிறார். பேராதனையில் அது நடந்ததைப் பார்த்த காலத்தில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் எங்கள் கூத்துகளை எடுத்து, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று 1960களில் மேடைக்குக் கொண்டுவந்தார். தெல்லிப்பழைக்காரர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தர். அந்தச் செய்தி என் வீட்டுக்கு ஐந்தாறு மைலுக்குள் இருந்தது. நான் அதைக் கொழும்புத் தேத்தண்ணிக் கடையில், ஒரு சிங்களப் பெடியன் சொல்லிக் கேட்டேன்.

பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் வரைந்த சுவரோவியங்களுக்கும் அவன்தான் கூட்டிப் போனான். புத்தர் கதை, ஆனால் கோடுகள் எல்லாம் பிக்காசோவிடம் போய் வந்த கோடுகள். எனக்கு உடனே பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு தரம் போனேன். நான்காம் தரம் பிடித்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. சில ஓவியங்கள் மாமியார் வீடு மாதிரி, போகப் போகத்தான் கதிரை கிடைக்கும்.

1981 யூன் தொடக்கத்தில் எங்கள் நூலகம் எரிந்த செய்தி வந்தது. 97,000 நூல்கள். அன்று பின்னேரம் அவன் என் அறைக்கு வந்தான். கட்டிலில் இருந்தான். ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது சோற்றுப் பார்சல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனான். 1983 யூலைக்குப் பிறகு நான் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். அவனை அதற்குப் பிறகு காணவில்லை. அதைப் பற்றி இந்த மேடையில் இதற்கு மேல் பேசமாட்டேன்.

அப்பு அதற்கு முதல் வருசமே போய்விட்டார். முடி இருந்தது. இறக்கித் துடைத்துப் பார்த்தேன், கண்ணாடி ஏழெட்டு விழுந்துபோய்க் கிடந்தது.

அடுத்த திருவிழாவுக்குக் கோயில் வீதியில் கூத்து. அந்தக் காலத்துக்கு வட்டக்களரி எல்லாம் போய், மூன்று பக்கம் மறைத்த மேடை வந்துவிட்டது. சைக்கிளைக் கொண்டுபோகவில்லை. படங்கிலும் இருக்கவில்லை. மேடைக்குப் பின்பக்கம் போய், கிடுகுத் தட்டியில் ஒரு நீக்கல் பார்த்து நின்றுகொண்டேன். கூத்துப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவியாருக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். சால்வையை இடுப்பில் வரிந்து கட்டி, மத்தளத்தோடு எனக்கு முதுகு காட்டி நின்றார். முதுகில் வியர்வை வழி எடுத்து ஓடியது. ஒவ்வொரு அடி விழுமுன்னும் அவருடைய இடது குதிக்கால் ஒரு விரற்கடை எழும்பி இறங்கும். சபைக்கு அது தெரியாது. ஆட்டக்காரர் கண்ணெல்லாம் அந்தக் குதிக்காலில்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன் ரோச் பிடித்துக்கொண்டு கொப்பியைப் பார்த்து, மறந்துபோன தருமனுக்கு அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டு நின்றான்.

இடையில் தண்ணி குடிக்கத் திரும்பிய அண்ணாவியார் என்னைக் கண்டுவிட்டார்.

"ஆர், கந்தையற்ற பேரனே? என்ன தம்பி இதுக்குள்ள நிக்கிறாய்? முன்னுக்குப் போய் இரு. இங்காலை நிண்டா ஒண்டும் தெரியாது."

"பரவாயில்லை அப்பு, நான் நிக்கிறன்" என்றேன்.