பராமரிப்பில் வளரும் சிறு குழந்தைக்கு முதல் கல்வி எங்கே தொடங்குகிறது?

(காட்சி: தரையில் ஒரு குழந்தை, எதிரே ஒரு பெரியவரின் கைகள், நடுவில் ஒரு பந்து)

வணக்கம். பெற்ற வீட்டைப் பிரிந்து காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளரும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய வீடியோ இது. எழுத்தும் எண்ணும் எப்போது தொடங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் குழந்தையை எழுப்புவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் ஒரே ஆளா, நாளுக்கொரு ஆளா?

(திரையில்: புகாரெஸ்ட், 136 குழந்தைகள்)

ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில், ஆறு காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் நான்கரை வயதில் அறிவுத்திறன் சோதனையில் தெளிவாக முன்னே நின்றார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைக் குடும்பச் சூழலிலேயே வளர்க்க வேண்டும் என்று 2009-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

குடும்பம் கிடைக்கும்வரை மூளை காத்திருக்காது. அதனால் காப்பகத்திலும் இன்றே மாற்றக்கூடிய ஒன்று, வேலைப் பங்கீடு. ஒருவர் எல்லாருக்கும் ஊட்டுவார், இன்னொருவர் எல்லாரையும் குளிப்பாட்டுவார் என்றால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் குழந்தைக்குக் கைகள்தான் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார். வேலையைப் பிரிக்காமல் குழந்தைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒருவர்; அவர் விடுப்பில் போனால் எப்போதும் அதே மாற்று ஆள். வயது ஏறியதும் அடுத்த அறைக்கு மாற்றும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் குழந்தை மீண்டும் ஓர் ஆளை இழக்கிறது.

(காட்சி: துணி மாற்றும் மேசை. குழந்தை விளக்கைப் பார்க்கிறது, பராமரிப்பாளரும் பார்க்கிறார்)

பாட நேரம் என்று தனியாகத் தேட வேண்டாம். துணி மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும்தான் பேச்சு வளரும் நேரம். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள், அதன் பெயரைச் சொல்லுங்கள், பிறகு மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருங்கள். பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் தவறுகிறோம். பதில் வருவதற்குள் நாமே அடுத்ததைப் பேசிவிடுகிறோம். குழந்தை "பந்து" என்றால் "ஆமாம், சிவப்புப் பந்து" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். நாள் முழுக்க "வா, உட்காரு, தொடாதே" என்று மட்டுமே கேட்கும் குழந்தைக்குக் கட்டளை புரியும், பேச்சு வளராது.

பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் குறையும். வீடு மாறி வந்த குழந்தையிடம் பழைய மருத்துவக் குறிப்புகள் முழுமையாக இருப்பது அரிது, அதனால் இது எளிதில் தவறிப்போகிறது. குழந்தையின் வீட்டு மொழி வேறாக இருந்தால் தண்ணீர், வலி, பயம், தூக்கம், கழிப்பறை, அம்மா ஆகிய சொற்களையாவது அந்த மொழியில் கற்றுக்கொள்ளுங்கள்.

புத்தகம் தினமும் பத்து நிமிடம் போதும், ஆனால் மடியில் வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லாமல். ஒரே புத்தகம் ஒரு வாரம் ஓடட்டும். முதலில் படங்களுக்குப் பெயர் சொல்லுங்கள், அடுத்து "இவன் என்ன செய்கிறான்?" என்று கேளுங்கள், வாரக் கடைசியில் கதையைக் குழந்தையே சொல்லட்டும். கிழியும் என்று அலமாரியில் பூட்டிய புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை. கிழிந்தால் சேர்ந்து ஒட்டுங்கள்.

இனி எளிதில் கவனம் தப்பும் ஒரு குழந்தை. அழாது, எதையும் கேட்காது, யார் கை நீட்டினாலும் போகும். "தங்கமான பிள்ளை" என்று பாராட்டி விட்டுவிடாதீர்கள். அழுதால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையே அதற்கு அற்றுப்போயிருக்கலாம். விழுந்தும் அழாவிட்டால் நீங்களே போய்த் தூக்குங்கள். அடிக்கிற, கடிக்கிற குழந்தையை வெளியே தனியாக நிறுத்தினால், ஏற்கெனவே பட்ட விலக்கலைத்தான் அது மறுபடி அனுபவிக்கும். பக்கத்திலேயே உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள், பேச்சு பிறகு.

(காட்சி: மழலையர் பள்ளி வாசல். கையசைத்து விடைபெறும் பராமரிப்பாளர்)

மழலையர் பள்ளிக்கு அனுப்பும்போது முதல் ஓரிரு நாள் பராமரிப்பாளரும் கூடவே ஒரு மணி நேரம் இருக்கட்டும். பிறகு "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பத்து நிமிடம் வெளியே போய்த் திரும்பட்டும். அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். அழும் என்று பயந்து சொல்லாமல் நழுவாதீர்கள். அடுத்த நாள் குழந்தை விளையாடாது, உங்களைக் காவல் காக்கும்.

ஆசிரியருக்குத் தெரிய வேண்டியவை: யார் அழைத்துப் போவார், எதற்குப் பயப்படும், பெற்றோரைச் சந்திக்கும் நாள் எது. குழந்தையின் முழுக் கதை தேவையில்லை, அது குழந்தைக்குச் சொந்தம். சந்திப்பு நாளுக்கு மறுநாள் அழுகையும் அடமும் கூடலாம். அன்று புதிய பாடம் வேண்டாம், அதைக் காரணம் காட்டிச் சந்திப்பை நிறுத்தவும் வேண்டாம். "குடும்ப மரம் வரை", "கைக்குழந்தைப் புகைப்படம் கொண்டு வா" என்பவற்றுக்குப் பதிலாக "என்னைப் பார்த்துக்கொள்பவர்கள்" என்று வரையச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதும் அதையே செய்யட்டும்.

இடம் மாறும் நாள் வந்தால், துணியோடு ஒரு கோப்பும் போக வேண்டும். பேசும் சொற்கள், பிடித்த புத்தகம், தூங்க வைக்கும் பாட்டு, தடுப்பூசி விவரம், வளர்த்தவர்களின் பெயரோடு புகைப்படங்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியையோ பொம்மையையோ துவைக்காமல் அனுப்புங்கள், பழகிய மணம் அதில் இருக்கிறது. புதியவர் முதலில் பழைய இடத்துக்கு வந்து இரண்டு மூன்று முறையாவது ஊட்டி, தூங்க வைத்துப் பழகட்டும். மாறிய முதல் வாரத்திலேயே பழைய பராமரிப்பாளர் தொலைபேசியில் பேசட்டும். அப்போது குழந்தை அழுதால், அடுத்த அழைப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.